இடுப்பளவுத் தண்ணீரில் விசில் ரீச்சர்

கடலைப் பார்த்து விசில் ஊதி "நில்!" என்று கட்டளையிட்ட ஒரே மனிதப் பிறவி, எனக்குத் தெரிந்தவரை, எங்கள் விசில் ரீச்சர்தான். கடல் நின்றதா என்று கேட்காதீர்கள். நிற்கவில்லை. ஆனால் கொஞ்சம் தயங்கியது. நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

அவருடைய சொந்தப் பெயர் திருகோணமலையில் யாருக்கும் தெரியாது. பெண்கள் பாடசாலை ஒன்றில் முப்பது வருடங்களுக்கு மேல் விளையாட்டு ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். போகும்போது பந்துகளை ஒப்படைத்தார், வலைகளை ஒப்படைத்தார், களஞ்சிய அறைத் திறப்பையும் ஒப்படைத்தார். கழுத்தில் கிடந்த விசிலை மட்டும் ஒப்படைக்கவில்லை. அன்றிலிருந்து முழு நகரமும் அவருடைய மைதானமாகிவிட்டது. பஸ் நிற்காமல் போனால் ஊதுவார், பஸ் நிற்கும். சந்தையில் யாராவது இடையில் புகுந்தால் ஊதுவார், புகுந்தவர் பின்வாங்குவார். எங்கள் ஊர் வீதிகளில் மாடுகளைப் போல உலாவும் மான்கள் மட்டும்தான் அவருக்கு அடங்காதவை. "அதுகள் என்ர பள்ளிக்கூடத்தில படிக்கேல்லை" என்று அவற்றை மன்னித்துவிடுவார்.

இப்படிப்பட்டவருக்கு மார்பில் புற்றுநோய் வந்தது. ஒரு பக்கத்தை எடுத்துவிட்டார்கள். மற்றவர்கள் எல்லாரும் குரலைத் தாழ்த்தி, கதவைச் சாத்தி, "அந்த வருத்தம்" என்று சொல்லும் சங்கதியை அவர் பஸ்ஸின் நடுவில் நின்று, "எனக்குக் கான்சர். சீற்றை விடுங்கோ" என்று அறிவிப்பார். ஒருவரைக் கேட்டால் மூன்று பேர் எழும்புவார்கள். மூன்றாவது சீற்றில் கைப்பையை வைப்பார்.

எனக்கும் அதே வருத்தம்தான். ஆனால் அந்தத் துணிச்சல் கிடையாது.

லிங்கநகரில் எங்கள் வீட்டுக்கு அந்த மாதங்களில் வந்துபோன கூட்டம் கொஞ்சமல்ல. ஒருவர் அன்னமுன்னாப் பழமரத்து இலை கொண்டுவந்து அவித்துக் குடிக்கச் சொன்னார். அடுத்து வந்தவர் அதைக் கேட்டுப் பதறி, இலை கூடவே கூடாது, பச்சை மஞ்சள்தான் என்றார். இனிப்பைத் தொடக்கூடாது என்று புத்தி சொன்னவர், மூன்று கரண்டி சீனி போட்ட தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டே சொன்னார். "ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ" என்று காதுக்குள் சொன்ன பக்கத்து வீட்டு அம்மாதான் முழு ஒழுங்கைக்கும் சொன்னவர். பலர் என்னைக் கண்டதும் அழுதார்கள். நான் அவர்களைக் கதிரையில் இருத்தி, தேத்தண்ணி கொடுத்து, "பரவாயில்லை, அழாதேங்கோ" என்று தேற்றி அனுப்பினேன். நோயாளியாக இருப்பது முழுநேர உத்தியோகம் என்று அப்போதுதான் விளங்கியது.

என் வீட்டுக்காரர் நல்ல மனிதர். அதனால் தொல்லை இன்னும் கூடியது. ஒரு செம்புத் தண்ணீரைக்கூட என்னைத் தூக்க விடமாட்டார். சத்திரசிகிச்சை செய்த பக்கத்துக் கை எனக்குத் தோளுக்கு மேல் போகவில்லை. விரல்களால் சுவரில் ஏறும் பயிற்சி ஒன்றை ஆஸ்பத்திரியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். செய்தேன், வலித்தது, விட்டுவிட்டேன். கையைச் சேலைத் தலைப்புக்குள் ஒளித்துக்கொண்டு மூலையில் இருக்கப் பழகினேன். உண்மையைச் சொன்னால் வலியைவிடப் பயம்தான் பெரிது. கையை அசைத்தால் உள்ளே படுத்திருக்கும் ஏதோ ஒன்று விழித்துவிடும் என்ற நினைப்பு. அந்த வருடம் எனக்கு நாற்பத்தாறு வயது. தொண்ணூறு வயதுக்காரியைப் போல நடந்தேன்.

கிளினிக்கில்தான் ரீச்சர் என்னைப் பிடித்தார். அங்கே காத்திருக்கும் பெண்களை உயரப்படி வரிசையாக இருத்துவது அவருடைய வழக்கம். தாதியர் தடுத்துப் பார்த்துக் களைத்து, கடைசியில் அந்த வரிசைப்படியே பெயர் கூப்பிடத் தொடங்கியிருந்தார்கள்.

"பிள்ளை, அந்தக் கையை ஏன் ஒளிச்சு வைச்சிருக்கிறீங்கள்? களவெடுத்ததோ?"

"தூக்க ஏலாது ரீச்சர்."

"ஏலாது எண்ட சொல்லுக்கு என்ர வகுப்பில இடமில்லை. வெளியில போய் நிண்டு சொல்லிப்போட்டு வாங்கோ."

ஒரு பிள்ளையின் தாய், அரசாங்க அலுவலகத்தில் பத்துப் பேருக்கு மேலதிகாரி, எழும்பி வெளியே போய், வேப்பமரத்தைப் பார்த்து "ஏலாது" என்று சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தேன். ஏன் போனேன் என்று இன்றைக்கும் தெரியாது.

அன்றைக்கே ரீச்சர் தன் திட்டத்தை வெளியிட்டார். தண்ணீருக்குள் உடம்பு பாரமில்லாமல் நிற்கும். கை தானாக மிதக்கும். ஆகவே நாங்கள் எல்லாரும் கடலில் இறங்கி ஆட வேண்டும். உடற்பயிற்சி என்றால் ஒருவரும் வரமாட்டார்கள், ஆட்டம் என்றால் வருவார்கள் என்பது அவருடைய பாடசாலை அனுபவம்.

கிளினிக் டொக்டர் நல்லவர். யோசித்துவிட்டு நிபந்தனைகள் சொன்னார். காயம் முழுதாக ஆறியிருக்க வேண்டும். மருந்து ஏற்றும் வாரங்களில் தண்ணீரில் இறங்கக்கூடாது. இடுப்புக்கு மேல் ஆழம் வேண்டாம். மூச்சு வாங்கினால் நிறுத்திவிட வேண்டும். வருகிற ஒவ்வொருவரும் முதலில் தன்னிடம் கேட்க வேண்டும். ரீச்சர் எல்லாவற்றையும் கொப்பியில் எழுதி, கீழே கோடு போட்டு, "டொக்டர், நீங்களும் ஒரு ஒப்பம் வையுங்கோ" என்று நீட்டினார். டொக்டர் ஒப்பம் வைத்தார். பிள்ளைப் பருவத்தில் அவருக்கும் ஒரு விளையாட்டு ரீச்சர் இருந்திருக்க வேண்டும்.

சித்திரை மாதத்துச் சனிக்கிழமை காலையொன்றில், நகரக் கடற்கரையில், ஆறு பெண்கள் இறங்கினோம். அக்காவை ராத்தா என்று கூப்பிடும் கிண்ணியாவிலிருந்து வந்த கதீஜா ராத்தா தலை முதல் கால் வரை கறுப்பு உடுப்போடு வந்தார். சல்லி என்ற மீனவக் கிராமத்தில் மீன் காயவைக்கும் இராசாத்தி அக்கா கணவருடைய நீளக்கைச் சேட்டைப் போட்டிருந்தார். நான் பழைய சுரிதார். ரீச்சர் முழங்கால் அளவுத் தண்ணீரில் எங்களைப் பார்த்து நின்றார். அவருடைய தொலைபேசி பொலித்தீன் பைக்குள் கிடந்து ஒரு பழைய பாட்டைப் பாடியது. பைக்குள் இருந்ததால், தடிமன் பிடித்து மூக்கடைத்தவர் பாடுவது போலக் கேட்டது.

பத்து நிமிடத்தில் கரையில் ஐம்பது பேர். ஒரு வயதானவர் ஏதோ தீர்த்தமாடல் என்று நினைத்துக் கும்பிட்டு, தண்ணீரை அள்ளித் தலையில் தெளித்துக்கொண்டு போனார். கச்சான் கடலை விற்பவர் வண்டியை எங்களுக்கு நேரே கொண்டுவந்து நிறுத்தினார். அதற்குள் யாரோ, பெண்கள் கடலில் இறங்கிப் போராட்டம் நடத்துகிறார்கள் என்று சொல்லிவிட, ஒரு பொலிஸ்காரர் கொப்பியும் பேனையுமாக வந்து சேர்ந்தார்.

"அம்மா, உங்கட கோரிக்கை என்ன?"

"தோள்மூட்டு அசைய வேணும்" என்றார் ரீச்சர்.

அவர் எழுதிக்கொண்டார். பிறகு தலையை நிமிர்த்தி, "அதை ஆர் நிறைவேற்றித் தர வேணும்?" என்று கேட்டார்.

"நாங்கள்தான். நீங்கள் கொஞ்சம் தள்ளி நிண்டால் சுகமா நடக்கும்."

அவர் தள்ளி நின்றார். கூட்டம் தள்ளி நிற்கவில்லை. தொலைபேசிகளைத் தூக்கிப் படம் பிடிக்கத் தொடங்கினார்கள். கதீஜா ராத்தா முகத்தை மூடிக்கொண்டு கரைக்கு ஏறிவிட்டார். அத்தோடு முதல் வகுப்பு கலைந்தது.

அடுத்த வாரம் உப்புவெளிப் பக்கம் ஒரு ஹோட்டலுக்குப் போனோம். நீச்சல் தடாகம், நான்கு பக்கமும் மதில், பார்க்க ஆளில்லை. முகாமையாளர் கழுத்துப்பட்டி கட்டிய மரியாதையான பொடியன். கதிரை போட்டு, குளிர்பானம் கொடுத்து, எல்லாவற்றையும் கேட்டான். கேட்கக் கேட்க அவன் கதிரை பின்னால் நகர்ந்துகொண்டே போனது.

"பிழையா நினைக்காதேங்கோ மெடம். வெளிநாட்டு ஆக்கள் குளிக்கிற இடம். இந்த வருத்தம்... தண்ணியால பரவாதுதானே?"

"தம்பி" என்றார் ரீச்சர், "கான்சர் தண்ணியால பரவாது. மடைத்தனம்தான் தண்ணியில்லாமலே பரவும்."

நாங்கள் சிரித்துக்கொண்டுதான் வெளியே வந்தோம். ஓட்டோவில் ஏறியதும் ராத்தா அழத் தொடங்கினார். "நான் குடிச்ச கிளாச அவன் ரெண்டு விரலால தூக்கின பார்த்தீங்களா புள்ள? என்ட மருமகளும் அப்படித்தான் தூக்குற." அதைக் கேட்டதும் எங்கள் எல்லாருக்கும் வீட்டிலிருக்கும் ஏதோவொரு கிளாஸ் ஞாபகம் வந்திருக்க வேண்டும். ரீச்சர் வாயே திறக்காமல் இருந்ததை நான் முதல்முறையாகக் கண்டது அந்த ஓட்டோவில்தான்.

இராசாத்தி அக்காதான் கடைசியில் சொன்னார்: "எங்கட கரைக்கு வாங்கோவன். வள்ளம் எல்லாம் வந்து, மீன் பிரிச்சு முடிஞ்சால், பிறகு அங்க ஆம்பிளையள் நிக்கமாட்டினம். பொம்பிளையள் நாங்கள் கருவாடு போட்டுக்கொண்டு நிப்பம். எங்களுக்கு உங்களைப் பார்க்க நேரமில்லை."

எங்களைப் பார்க்க நேரமில்லாத ஓர் இடம். அதைத்தான் இவ்வளவு நாளும் தேடியிருக்கிறோம்.

சல்லிக் கடல் அந்தப் பருவத்தில் வெதுவெதுப்பாக, தூரம்வரை இடுப்பளவாகவே இருக்கும். கருவாட்டு மணம் முதல் நாள் மூக்கைப் பிடித்தது. மூன்றாம் வாரம் பசியைக் கிளப்பியது. ரீச்சர் எங்களுக்காகவே ஒரு ஆட்டம் உண்டாக்கியிருந்தார். அசைவுகளுக்கு அவரே பெயர் வைத்தார். இரண்டு கைகளையும் தண்ணீருக்குள் வட்டமாகச் சுற்றினால் "சட்டி கழுவு". மெல்ல மேலே உயர்த்தினால் "கொடியில உடுப்புப் போடு". உள்ளங்கைகளால் தண்ணீரை முன்னால் அழுத்தினால் "புருசனைத் தள்ளு". முதல் இரண்டையும் சோம்பலாகச் செய்தவர்கள், மூன்றாவதை மட்டும் சொன்னதற்கு மேல் இரண்டு தடவை செய்தார்கள்.

"ரீச்சர், என்ட மனிசன் மௌத்தாகிப் பத்து வருசம். நான் ஆரத் தள்ளுற?" என்று ராத்தா கேட்டார்.

"மருமகளைத் தள்ளுங்கோ."

ராத்தா தள்ளிய தள்ளில் பக்கத்தில் நின்ற நான் நனைந்தேன்.

ஒரு சனிக்கிழமை, உடுப்புப் போடுகிற அசைவில், ஏதோ கதைத்துக்கொண்டே கையை உயர்த்தினேன். ராத்தா என் தலைக்கு மேலே பார்த்துவிட்டு, "புள்ள, அது ஆருட கை?" என்றார். நிமிர்ந்து பார்த்தேன். என்னுடையதுதான். தண்ணீர் சொட்டச் சொட்ட, தலைக்கு மேலே, யாரையும் கேட்காமல் போய் நின்றது. உள்ளே எதுவும் விழித்துக்கொள்ளவில்லை. நான் கடலுக்குள் நின்று அழுதேன். ரீச்சர் விசில் ஊதி, "அழுகிற ஆக்கள் கையை இறக்காமல் அழுங்கோ" என்றார்.

இவ்வளவு நாளும் ஒரு விசயத்தை ஒருவரும் கவனிக்கவில்லை. எங்களை இடுப்பளவுக்கு அனுப்பிவிட்டு, ரீச்சர் எப்போதும் முழங்கால் அளவில்தான் நின்றார். ஒருநாள் தாமதமாக வந்த வள்ளமொன்று கிட்டத்தால் போக, அதன் அலை வந்து அவரைச் சாய்க்கப் பார்த்தது. பெரிய அலையல்ல, பூனைக்குட்டி போல ஒன்று. ரீச்சர் விசிலை ஊதி, கையை நீட்டி, "நில்!" என்று கத்தினார். முதலில் சொன்னேனே, அது இந்த நாள்தான். பிறகு பாய்ந்து, முன்வரிசையில் நின்ற என் கழுத்தைக் கட்டிப்பிடித்தார். அவ்வளவு பெரிய மனுஷியின் இதயம் என் தோளில் அடிப்பதை உணர்ந்தேன்.

"ரீச்சர், உங்களுக்கு நீந்தத் தெரியாதா?"

"தெரியாது."

"நீச்சல் போட்டியள் எல்லாம் நடத்தினீங்களே!"

"நடுவரா நிண்டனான். நடுவருக்கு நீந்தத் தெரிய வேணுமெண்டு எந்தச் சட்டத்திலயும் இல்லை."

கரைக்குக் கூட்டிக்கொண்டு வந்து இருத்தினோம். சின்ன வயதிலிருந்தே கடலென்றால் தனக்குப் பயம் என்றார். பிறகு ஏன் இந்த வேலை என்று கேட்டேன். விசிலைத் துடைத்துக்கொண்டே, எங்களைப் பார்க்காமல் சொன்னார்:

"ஆஸ்பத்திரியால வந்த பிறகு வீட்டில தனிய இருந்து பயந்தனான், பிள்ளை. சுவரைப் பார்த்துக்கொண்டு. பிறகு யோசிச்சன், பயப்பிடத்தான் வேணுமெண்டால் நாலு பேரோட நிண்டு பயப்பிடலாமே எண்டு."

அடுத்த சனிக்கிழமையிலிருந்து நாங்கள் இரண்டு பேர் இரு பக்கமும் கை பிடித்து அவரையும் இடுப்பளவுக்குக் கொண்டுபோனோம். அங்கே நின்றும் எங்களை ஏசுவதை அவர் நிறுத்தவில்லை.

நல்ல காரியம் ஒன்று அமைதியாக நடந்தால் சிலருக்குப் பொறுக்காது. நான்கு மாதமாக நடந்துகொண்டிருந்த எங்கள் வகுப்பை ஆவணி மாதத்தில் ஒரு நிறுவனம் "ஆரம்பித்து" வைக்க வந்தது. பந்தல் போட்டார்கள். இளஞ்சிவப்பில் ரீசேட் தந்தார்கள். எல்லாம் ஒரே அளவு, அதற்குள் இராசாத்தி அக்கா இரண்டு தரம் போகலாம். பதாகையில் நிறுவனத்தின் பெயர் ஓராள் உயரத்துக்கும், எங்கள் வகுப்பின் பெயர் ஒரு சாண் அளவுக்கும் இருந்தன. பிரதம விருந்தினராக ஒரு பெரியவர் மனைவியோடு வந்தார். நகரத்தில் எந்த விழாவுக்கும் அவர்தான் பிரதம விருந்தினர். வேறு வேலை அவருக்கு உண்டா என்று எனக்குத் தெரியாது.

கடற்காற்றில் குத்துவிளக்கு ஏற்றவே ஒரு தீப்பெட்டி முடிந்தது. பிறகு பெரியவர் பேசினார். "மரணத்தின் வாசலில் நிற்கும் இந்த அபலைப் பெண்கள்..." என்று தொடங்கினார்.

"மரணத்துட வாசலா?" என்று ராத்தா என் காதுக்குள் கேட்டார். "நான் சந்தைக்குப் போற வழியிலதானே இஞ்ச வந்த."

அரை மணித்தியாலம் போனது. புற்றுநோயின் வரலாற்றையும், ஆரம்பத்திலேயே கண்டறிவதன் முக்கியத்துவத்தையும், குடும்பத்தின் அரவணைப்பையும் அவர் தாளைப் பார்த்து முழங்கினார். வெயில் ஏறியது. எங்களில் ஒருத்திக்குத் தலை சுற்றியது. ரீச்சர் மணிக்கூட்டைப் பார்த்தார். இரண்டாவது தரமும் பார்த்தார். பிறகு நீளமாக ஒரு விசில்.

"நேரம் முடிஞ்சுது! எல்லாரும் தண்ணிக்கு!"

ஒரு நிமிடத்தில் பந்தல் காலி. வாக்கியத்தின் நடுவில் வாயைத் திறந்தபடி நின்ற பெரியவரை, படம் வேண்டும் என்று படப்பிடிப்பாளர் கடலுக்குள் இறக்கினார். சப்பாத்தோடு இறங்கினார். ரீச்சர் விடுவாரா? வரிசையில் சேர்த்துக்கொண்டார். உள்ளங்கைகளால் தண்ணீரை முன்னால் தள்ளும் அசைவைப் பெரியவர் மிகுந்த பக்தியோடு செய்தார். கரையில் நின்ற அவருடைய மனைவி, "இதுக்கு என்ன பேர்?" என்று கேட்டார். இராசாத்தி அக்கா பெயரைச் சொன்னார். அந்த அம்மா சிரித்த சிரிப்பு! சிரித்துக்கொண்டே, பட்டுச்சேலையோடு, தண்ணீருக்குள் நடந்து வந்தார். எனக்கும் ரீச்சருக்கும் இடையில் நின்றார். சட்டி கழுவினார், உடுப்புப் போட்டார், புருசனைத் தள்ளினார்.

கொஞ்ச நேரத்தில் அந்த அம்மாவின் கைகள் நின்றுவிட்டன.

"ரீச்சர்" என்றார் மெல்ல, மார்பில் கையை வைத்து. "எனக்கும் இதில ஒரு கட்டி இருக்கு. கன மாசமா. ஆருக்கும் சொல்லேல்லை. இவருக்கும் சொல்லேல்லை."

பெரியவர் பத்தடி தூரத்தில் படத்துக்குச் சிரித்துக்கொண்டிருந்தார். ரீச்சர் விசில் ஊதவில்லை. "ஏன் சொல்லேல்லை" என்று ஏசவுமில்லை. தண்ணீருக்கு அடியில் அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "திங்கக்கிழமை காலமை கிளினிக். நான் வாறன். நீங்கள் உயரம், பின்வரிசையில இருக்க வேணும்" என்றார். பாட்டு முடியும்வரை அந்தக் கையை விடவில்லை.

திங்கட்கிழமை போனார்கள். அந்தக் கட்டி நாங்கள் பயந்ததுதான். ஆனால் சின்னதாகவே இருந்தது. எடுத்தார்கள், மருந்து கொடுத்தார்கள், இப்போது அந்த அம்மா எங்கள் வகுப்பில் இருக்கிறார். இதை எழுதச் சொன்னதும் அவர்தான். பெரியவரும் ஒவ்வொரு சனிக்கிழமையும் வருகிறார். மனைவி தலை துவட்டத் துவாயோடு கரையில் நிற்கிறார். பேச்சு ஒன்றும் கிடையாது. "தண்ணி குளிருதோ?" என்று மட்டும் மனைவியைக் கேட்பார்.

ரீச்சருக்கு இந்த வருடம் வருத்தம் திரும்பவும் வந்திருக்கிறது. எலும்பில் என்று சொன்னார்கள். மருந்து ஏற்றும் வாரங்களில் அவர் கடலுக்கு வரக்கூடாது. அவர் ஒப்பம் வாங்கிய சட்டமே அவரைத் தடுக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை இடியப்பமும் சொதியும் கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். கட்டிலில் சாய்ந்திருந்தார். இரண்டு இடியப்பம் சாப்பிட்டார். பிறகு தொடங்கினார்.

"சொதிக்கு உப்புக் காணாது. நேற்று ஆர் வகுப்பு எடுத்தது? நீங்களோ? அதுதானே. ராத்தா ஏன் இருபது நிமிசத்தில கரைக்கு ஏறினவ? பாட்டை ஆர் மாத்தச் சொன்னது? நான் ரெண்டு கிழமை இல்லையெண்டால் நீங்கள் என்ன..."

அந்த வாக்கியம் முடியவில்லை. பாதியிலேயே நித்திரையாகிவிட்டார். வாய் கொஞ்சம் திறந்திருந்தது. போர்வையை இழுத்து விட்டேன். சாப்பாட்டுப் பெட்டியைக் கழுவி வைத்தேன். வீட்டுக்காரர் வாசலில் மோட்டார் சைக்கிளில் காத்திருந்தார். அவரைப் போகச் சொன்னேன்.

கதிரையைக் கட்டிலடிக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். அவர் எழும்பியதும் மிச்ச ஏச்சையும் கேட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன்.